பழந்துணி, உடை, உருவப்படம்: விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் புடவை, வேட்டி, சாயம், அரண்மனை உடை, பழைய உருவப்படங்கள் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களும் படக்குறிப்புகளைத் திருத்துகிறவர்களும் நாங்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியவன் ஒருவன் என்பதால் சில இடங்களில் ‘நான்’ வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்வது ஆராய்ச்சியா, தட்டச்சா?

இரண்டுக்கும் நடுவே ஒன்று. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அறிவிக்க விக்கிப்பீடியாவில் இடமில்லை. ஏற்கெனவே அச்சில் வந்ததைத்தான் எழுதவேண்டும். ஆனால் ஒரு படத்தின்கீழ் ‘சோழர் கால அரசி’ என்று ஒரு வரி இருந்தால், அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எதைப் பார்த்துச் சொன்னார் என்று துரத்திக்கொண்டே போகவேண்டியிருக்கும். ஒரு வாரம் ஓடிவிடும். கடைசியில் கட்டுரையில் மாறுவது இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு வாரம் செலவழிக்க மனமுள்ளவர்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

எனக்கு நெசவும் தெரியாது, ஓவியமும் தெரியாது. வரலாமா?

வரலாம். எங்களில் ஒருவர் வங்கியில் ஓய்வுபெற்றவர். இன்னொருவர் மருந்தாளுநர். சாயவேர், படிகாரம், கடுக்காய் என்று வரும்போது அவர்தான் எங்களுக்கு வாத்தியார். பொறுமையாகப் பார்க்கும் கண் வேண்டும். ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூச்சப்படக்கூடாது. மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.

முதல் வாரத்தில் எதைத் தொடுவது?

பெரிய கட்டுரை எதையும் தொடாதீர்கள். பொதுவகத்தில், அதாவது விக்கிப்பீடியாவின் படக் கிடங்கில், ‘புடவை’ என்று மட்டும் பெயரிட்டுப் போட்டுவைத்த படங்கள் ஏராளம். ஒன்றை எடுங்கள். கண்ணில் படுவதை மட்டும் ஐந்து வரியில் எழுதுங்கள்: உடலின் நிறம், கரை எத்தனை, இரண்டு பக்கக் கரையும் ஒரே அகலமா, முந்தானை உடலோடு ஒரே பாவில் (நீளவாக்கில் ஓடும் நூலில்) நெய்ததா, தனி நிறத்தில் இணைத்ததா, சரிகை இருக்கிறதா. ‘அழகிய’, ‘பாரம்பரியமிக்க’, ‘கண்ணைக் கவரும்’ ஆகிய சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். இதைப் பத்துப் படத்துக்குச் செய்தால், பதினோராவது படத்தில் ‘காஞ்சிப் பட்டு’ என்று எழுதியிருப்பதைக் கண்டதும் தானாகவே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி.

அருங்காட்சியகச் சீட்டில் இருப்பதை அப்படியே எழுதலாம்தானே? அவர்களுக்குத் தெரியாததா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய துணி ஒன்றைப் படமெடுத்து ஏற்றினேன். ‘கையால் வரைந்த கலம்காரி’ என்று சீட்டில் இருந்தது. எழுத்துப் பிசகாமல் அதையே படக்குறிப்பாக்கினேன். படம் வேறு மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் போனது. ஒரு துணிக்கடைக் காலண்டரில்கூடப் பார்த்தேன், பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் பேச்சுப் பக்கத்தில், அதாவது படத்தைப் பற்றி விவாதிக்கும் பக்கத்தில், யாரோ ஒரே வரி எழுதியிருந்தார்: “ஐயா, இடப்பக்கப் பூவின் மூன்றாவது இதழைப் பாருங்கள்.” பெரிதாக்கிப் பார்த்தேன். இதழின் ஓரக்கோட்டில் கடுகளவு முறிவு. அடுத்த பூவிலும் அதே இதழ், அதே முறிவு. அதற்கடுத்த பூவிலும் அப்படியே. கையால் கோடிழுக்கிறவர் ஒவ்வொரு பூவிலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் தவறமாட்டார். மர அச்சில் விழுந்த விரிசல், அச்சு விழுந்த இடமெல்லாம் கூடவே வந்திருக்கிறது. கோடு அச்சு, உள்ளே நிரப்பிய நிறம் வேண்டுமானால் கையாக இருக்கலாம்.

சீட்டு எழுதியவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதியிருப்பார். பதிவேட்டை எழுதியவர் துணியைக் கொடுத்தவர் சொன்னதை எழுதியிருப்பார். நாலாவதாக நான் எழுதினேன். நாலு பேர் சொன்னதாகத் தெரிந்தாலும் சொன்னவர் ஒருவர்தான். ஆகவே இப்போது ‘அருங்காட்சியகக் குறிப்பின்படி’ என்று சேர்த்தே எழுதுகிறோம். பெரிய அளவுப் படத்தையே எப்போதும் ஏற்றுகிறோம். சின்னப் படத்தில் அந்த முறிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்படியானால் நான் கண்ணால் கண்டதைக் கட்டுரையில் எழுதலாமா?

கண்டதை விவரிக்கலாம், அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ‘ஓரக்கோட்டில் ஒரே முறிவு திரும்பத் திரும்ப வருகிறது’ என்பது விவரிப்பு. படத்தைப் பார்க்கிற எவரும் சரிபார்க்கலாம். ‘ஆகவே இது மசூலிப்பட்டினத்துத் துணி’ என்பது முடிவு. அதற்கு அச்சில் வந்த சான்று வேண்டும். முடிவு சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் முதலில் வேறெங்காவது வெளியிட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊர் நெசவாளர் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் இருக்கிறார். அவர் சொல்வது சான்றாகாதா?

இதுதான் எங்களை மிகவும் உறுத்துகிற விதி. தறியில் உட்கார்ந்தவர் சொன்னால் செல்லாது. அவரிடம் கேட்டு அரைகுறையாக எழுதிய பத்திரிகைத் துணுக்கு செல்லும். அநியாயம்தான். ஆனாலும் விதியைத் தளர்த்தினால், நாளைக்கே ‘எங்கள் தாத்தா சொன்னார்’ என்று எவரும் எதையும் எழுதிவிடுவார்கள்.

நாங்கள் கண்ட வழி: நெசவாளர் சொல்வதைத் துப்பாக வைத்துக்கொண்டு அச்சில் தேடுவது. புவிசார் குறியீட்டு விண்ணப்பங்கள் இதற்குப் பொன்போல் உதவும். காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் போன்றவற்றுக்குச் செய்முறை, அளவு, ஊர்ப் பெயர்கள் எல்லாம் விண்ணப்பத்தில் விரிவாக இருக்கின்றன. ‘கோர்வை’ என்ற சொல்லைக் காஞ்சிபுரத்தில் ஒரு பெரியவரிடம்தான் முதலில் கேட்டேன். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும்போது இரண்டையும் ஊடையால் (குறுக்கே ஓடும் நூலால்) பின்னிச் சேர்க்கும் வேலை அது. மூன்று நாடா, அதாவது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி, வேண்டும். கூட ஓர் ஆளும் உட்காரவேண்டும். “கரை கிழிஞ்சு வந்தா அது கோர்வை இல்ல தம்பி” என்றார். அந்த வாக்கியத்தைக் கட்டுரையில் போட முடியவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

எதைக் கேட்டாலும் கொடாலிக்கருப்பூர்ப் புடவையை உதாரணம் காட்டுகிறீர்களே, ஏன்?

நாங்கள் சொல்லவேண்டியது எல்லாம் அந்த ஒரு துணியிலேயே இருப்பதால்தான். கும்பகோணத்துக்கு அருகே உள்ள ஊர் கொடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே நெய்த புடவைகளும் தலைப்பாகைத் துணிகளும் இன்று சில அருங்காட்சியகங்களில்தான் மிச்சம். சென்னை எழும்பூரில் உண்டு, லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உண்டு.

தூரத்திலிருந்து பார்த்தால் அரக்குச் சிவப்பில் ஒரு மங்கலான மினுக்கம், அவ்வளவுதான். கிட்டப் போனால்தான் விஷயம் புரியும். தறியிலேயே, பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் சரிகையைத் தனித்தனியாகக் கோத்து நெய்திருப்பார்கள். துணி தறியைவிட்டு இறங்கிய பிறகு அதன்மேல் கையால் கோடிழுத்து, மெழுகால் மறைத்து, சாயம் ஏற்றியிருப்பார்கள். முதலில் சரிகை வேலை, பிறகு சாயம். சிவப்புக்கு அடியிலிருந்து பொன் எட்டிப்பார்க்கும். அரண்மனைக்காரர்களுக்குச் சரிகை பளீரென்று கண்ணைக் குத்தாமல் இருப்பதில் ஒரு தனி ருசி இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். (இது என் கருத்து. கட்டுரையில் சேர்க்காதீர்கள்.)

படத்தை மட்டும் பார்த்து எழுதியவர்கள் இதைக் ‘கலம்காரி’ என்றார்கள். சரிகையைப் பார்த்தவர்கள் ‘ஜரிகைப் புடவை’ என்றார்கள். இரண்டும் பாதி உண்மை. 1855-இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் வாங்க ஆளில்லாமல் அந்த வேலை மெல்ல நின்றுபோனது. நெய்தவர்களின் பெயர் ஒரு துணியிலும் இல்லை.

சங்க இலக்கியத்தில் எவ்வளவோ துணி வருகிறது. அதைச் சான்றாகக் காட்டலாமா?

அப்படியொரு சொல் அப்போது வழங்கியது என்பதற்குச் சான்று. துணியின் இழை எவ்வளவு மெல்லியது என்று அளந்து காட்டச் சான்றாகாது. பொருநராற்றுப்படை மெல்லிய ஆடையைப் பாம்புச் சட்டைக்கு ஒப்பிடுகிறது. அந்த உவமையிலிருந்து ‘சங்க காலத்தில் உலகிலேயே மெல்லிய மஸ்லின் நெய்யப்பட்டது’ என்று ஒரு வரி கிளம்பி, கட்டுரைக்குக் கட்டுரை பரவிவிட்டது. புலவர் சொன்னது பாம்புச் சட்டை. உலகிலேயே என்று அவர் சொல்லவில்லை.

சொற்பொருளிலும் கவனம் வேண்டும். சிலப்பதிகாரத்து மதுரையின் ‘அறுவை வீதி’ துணிக்கடைத் தெரு. இன்றைய மாணவர் அதை மருத்துவமனைத் தெரு என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. அகழாய்வும் இப்படித்தான். அரிக்கமேட்டில் 1945-இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிச்சாயத் தொட்டிகள் எனக் கருதினார். ‘வீலர் கருதினார்’ என்றே எழுதுங்கள். ‘சாயத் தொட்டிகள் கிடைத்தன’ என்று எழுதினால் அவருடைய ஊகத்துக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள்.

ராஜராஜ சோழன் கட்டுரையில் பெரிய கோயில் ஓவியத்தைப் போட்டால் ஏன் வாதம் வருகிறது?

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். அதில் தாடி வைத்த முதியவரும் அவருக்குப் பின்னால் இளையவரும் நிற்கும் பகுதியைத்தான் ‘கருவூர்த்தேவரும் ராஜராஜனும்’ என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து பால்கடைப் படம்வரை போட்டுவைத்திருக்கிறார்கள். ஓவியத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை. அடையாளம் சொன்னவர்கள் அறிஞர்கள். அதை மறுத்தவர்களும் அறிஞர்கள். ஆகவே படத்தைப் போடலாம், ‘ராஜராஜன் எனச் சிலர் கருதுவது’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பை மாதம் ஒருமுறை யாராவது அழிப்பார்கள்; நாங்கள் மாதம் ஒருமுறை திரும்பப் போடுவோம்.

ஒப்பிட்டுப் பார்க்கத் திருமலைக்குப் போங்கள். நுழைவு மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் இருக்கின்றன. சிலையின் மீதே பெயர் பொறித்திருக்கிறது. யாரும் சண்டை போடுவதில்லை. விஜயநகர அரசர் அணிந்த ‘குல்லாயி’ என்ற உயரக் கூம்புத் தொப்பியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. லேபாட்சிக் கோயிலின் 16-ஆம் நூற்றாண்டு ஓவியங்களோடு சேர்த்துப் பார்த்தால், தொப்பி மட்டுமல்ல, புடவைக் கரைகளையும் வரிசையாக எண்ணலாம். பெயர் பொறித்த ஒரு சிலை, பெயரில்லாத நூறு ஓவியங்களுக்கு அளவுகோலாகிறது.

திருவள்ளுவர் படத்தை எந்த வகையில் சேர்ப்பது?

‘20-ஆம் நூற்றாண்டு ஓவியம்’ என்ற பகுப்பில். இன்று எல்லா அரசு அலுவலகத்திலும் தொங்கும் உருவத்தை வரைந்தவர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. 1960-இல் தபால்தலையாகவும் வந்தது. அது ஓர் ஓவியரின் கற்பனை, நல்ல கற்பனை. வள்ளுவர் காலத்து உடைக்கு அதைச் சான்றாகக் காட்டினால் ஏற்கமாட்டோம். அண்மைக் காலத்து ஓவியம் என்பதால் பொதுவகத்தில் ஏற்றும் முன் உரிமைநிலையையும் தனியாகப் பார்க்கவேண்டும்.

ரவி வர்மா வரைந்தவை?

ரவி வர்மா 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்தவர். அவர் வரைந்த தமயந்தியும் சகுந்தலையும் புராணப் பெண்கள். அவர்கள் உடுத்தியிருப்பது ஓவியர் காலத்துப் புடவை. அதனால் ‘பண்டைய இந்தியர் உடை’ கட்டுரையில் அவை வந்தால் நீக்குவோம். ‘19-ஆம் நூற்றாண்டுப் புடவைக் கட்டு’ கட்டுரையில் வந்தால் வரவேற்போம். 1889-இல் அவர் வரைந்த, வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த பதினொரு பெண்கள் இசைக்கருவிகளோடு கூடியிருக்கும் ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. அந்த ஒரு படத்தை வைத்தே புடவைக் கட்டைப் பற்றி நாலு பத்தி எழுதலாம். வீட்டுப் பூஜையறையில் கண்ட சரஸ்வதி, லட்சுமி படங்களும் அவருடைய அச்சகம் 1894-இல் தொடங்கியபின் பரவியவைதான். தெய்வம் என்றால் இப்படித்தான் உடுத்தியிருக்கும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பாதிப் பதில்.

தஞ்சாவூர்க் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனிக் கால) ஓவியங்களில் ஒவ்வொரு சாதி, தொழில்காரரும் மனைவியோடு நிற்கிறார்களே. அவை உருவப்படங்களா?

இல்லை. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போகத் தொகுப்புத் தொகுப்பாக வரைந்த மாதிரி உருவங்கள். ஒரே முகம், ஒரே நிற்கும் பாணி, கையில் இருக்கும் கருவி மட்டும் மாறும். அப்படியும் உடை விவரம் உதவும்: யார் முழங்காலுக்கு மேல் கட்டினார்கள், யார் செருப்போடு நின்றார்கள் என்பது தெரியும். தொகுப்புக்குத் தொகுப்பு படியெடுத்ததால், ஐந்து தொகுப்பில் ஒரே கரை வந்தால் அதை ஐந்து சான்றாக எண்ணாதீர்கள். மேலே சொன்ன சீட்டுக் கதைதான்.

பழைய புகைப்படம் பொய் சொல்லாது அல்லவா?

நிறத்தில் சொல்லும். எங்கள் வீட்டில் என் கொள்ளுப்பாட்டியின் படம் ஒன்று உண்டு. ரவிக்கை கன்னங்கரேல் என்றிருக்கும். ‘கல்யாணத்தில் யார் கறுப்பு போடுவார்கள்’ என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. விடை, படமெடுத்த தகட்டில் இருந்தது. 1851-இல் வந்த ஈரத் தகட்டு முறையும் அதன்பின் வெகுகாலம் புழங்கிய தகடுகளும் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணரவே உணராதவை. நீலத்தை அளவுக்கு மீறி உணர்பவை. அதனால் சிவப்பு, அரக்கு எல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிடக் கருமையாகவே விழும். பாட்டியின் ரவிக்கை சிவப்பாக இருந்திருக்கவேண்டும். அக்காலப் படத்தைப் பார்த்து ‘கறுப்புப் புடவை’, ‘வெள்ளைத் தலைப்பாகை’ என்று எழுதினால் பாதிக்குப் பாதி தவறாகும். ‘கருமையாகத் தெரிகிறது’ என்று எழுதுங்கள்.

கணினியால் நிறமூட்டிய, தெளிவாக்கிய படத்தைப் போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன பாட்டிக்கு அது கறுப்பு ரவிக்கையே போட்டுவிடும். தெளிவாக்கும் நிரல்களோ, மங்கிய கரையில் இல்லாத மாங்காயையும் சேர்த்துத் தரும். மூலப்படம் எவ்வளவு கிழிந்திருந்தாலும் அதுதான் வேண்டும்.

துணியின் காலத்தை நாமே கணிக்க வழி உண்டா?

‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று சொல்லச் சில வழிகள் உண்டு. ஊதாச் செயற்கைச் சாயத்தை வில்லியம் பெர்கின் கண்டது 1856-இல். செயற்கைச் சிவப்பான அலிசரின் கடைக்கு வந்தது 1869 வாக்கில். செயற்கை நீலம் 1897-இல். ஆய்வகத்தில் சோதித்து, துணியில் செயற்கைச் சாயம் என்று யாராவது வெளியிட்டிருந்தால், ‘18-ஆம் நூற்றாண்டு’ என்ற குறிப்பைத் தயங்காமல் கேள்வி கேட்கலாம். வெறும் கண்ணால் பார்த்து இது இயற்கைச் சாயம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் எத்தனை புத்தகம் எழுதியிருந்தாலும்.

பழைய சீட்டித்துணிகளில் (பூவேலை செய்த பருத்தித் துணிகளில்) இலை ஏன் நீலமாக இருக்கிறது? அப்படி ஒரு மரபா?

மரபு ஒன்றுமில்லை. பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. அவுரி நீலத்தில் தோய்த்து, அதன்மேல் கடைசியாக மஞ்சளைத் தீட்டினால் பச்சை. அந்த மஞ்சள் ஒளியில் நிற்காது. இருநூறு ஆண்டில் மஞ்சள் பறந்துவிட்டது, நீலம் நின்றுவிட்டது. துணியின் மடிப்புக்குள், தையல் ஓரத்தில் ஒளி படாத இடம் இருந்தால் பாருங்கள், அங்கே பச்சை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘நீல இலைகளின் தத்துவம்’ பற்றி ஒருவர் மூன்று பத்தி எழுதியதை நாங்கள் அழிக்கவேண்டியதாயிற்று.

இந்தச் செய்முறையை எழுத அருமையான சான்று ஒன்று உண்டு. 1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சீட்டி எழுதுகிறவர்களின் அருகிலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துணித்துண்டை எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றுவதிலிருந்து சாயவேரில் கொதிக்கவைப்பதுவரை. அவர் வந்தது தொழில் இரகசியத்தை எடுத்துப்போக என்பதையும் கட்டுரையில் சேர்த்தே சொல்லுங்கள்.

ஐரோப்பிய உருவப்படங்களில் பூப்போட்ட பருத்தி கண்டால் ‘சோழமண்டலத் துணி’ என்று குறிக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இத்தகைய துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதிக்கும் 1721-இல் உடுத்துவதற்கும் தடை போட்டது. தங்கள் நெசவாளர் பிழைக்கவேண்டுமே என்ற கவலை. தடைசெய்யும் அளவுக்கு அங்கே புழங்கியது என்பது உறுதி. இந்தப் படத்தில் இந்தப் பெண் உடுத்தியிருப்பது அதுதான் என்பது உறுதியில்லை. அங்கேயே அச்சிட்ட போலிகள் இருந்தன, பட்டில் வரைந்த சீனத் துணி இருந்தது. வண்ணத்தில் தீட்டிய பூ எந்தத் துணியில் இருந்தது என்று ஓவியம் சொல்லாது. இருப்புப் பட்டியலோ, கடிதமோ, அதே குடும்பத்தில் தப்பிய துணியோ வேண்டும்.

மதராஸ் கட்டத்துணிக்கும் இதுதான். 18-ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளில் அகோஸ்தினோ புருனியாஸ் வரைந்த பெண்கள் கட்டம்போட்ட தலைத்துணி கட்டியிருக்கிறார்கள். அங்கே இன்றும் அத்துணிக்கு ‘மதராஸ்’ என்றே பெயர். நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதையே ‘இஞ்சிரி’ என்று அழைத்து, சில நூல்களை வெட்டியெடுத்துப் புது வடிவம் காண்கிறார்கள். தொடர்பு உண்மை. ஆனால் ஓவியத்தில் தெரியும் ஒவ்வொரு கட்டமும் நம் கரையிலிருந்து கப்பலேறியது என்று எழுதிவிடாதீர்கள்.

மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லில் அதிகம் வழுக்குகிறார்கள்?

சந்தேகமில்லாமல் ‘பனியன்’. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில, அமெரிக்க உருவப்படங்களில் செல்வந்தர்கள் தொளதொளவென்று அணிந்திருக்கும் நீள அங்கிக்கு அந்தப் பெயர். ‘வாணியா’ என்ற குஜராத்தி வணிகர் பெயரிலிருந்து போனது. ‘பட்டுப் பனியன் அணிந்து ஓவியத்துக்கு அமர்ந்தார்’ என்று ஒரு கட்டுரையில் வந்தபோது, திருப்பூர்க்காரர் ஒருவர் ஆலமரத்தடியில், எங்கள் பொது உரையாடல் பக்கத்துக்கு அதுதான் பெயர், மகிழ்ச்சியோடு அதை எல்லாருக்கும் அறிவித்தார். ‘வீட்டு அங்கி’ என்று மாற்றினோம். நீளவாக்கில் ஓடுவதற்குப் பாவு, குறுக்கே ஓடுவதற்கு ஊடை, அச்சுப்பூத் துணிக்குச் சீட்டி என்று தறிக்காரர்களும் கடைக்காரர்களும் வைத்திருக்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஆக்கவேண்டாம்.

மேலாடை இல்லாத பெண்களின் பழைய படங்களை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வருகிறதே?

ரவிக்கை எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் இருந்த உடையன்று. திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராடவேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசாணை வந்தது. அந்த வரலாற்றை விளக்கும் படம் இருக்கவேண்டும். ஆனால் காலனிக் காலத்தில் பலரை வற்புறுத்தி நிறுத்திப் படமெடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒரு படம் எதையும் விளக்காமல் வெறுமனே கிடந்தால் நாங்கள் அதைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுகிறோம். இதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

காப்புரிமையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கு ஓவியர் மறைந்து 60 ஆண்டு. புகைப்படத்துக்கு முன்பு வெளியான பின் 60 ஆண்டு என்றிருந்தது; 2012 திருத்தத்துக்குப் பின் அதற்கும் எடுத்தவர் மறைந்து 60 ஆண்டு. பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும். உரிமை முடிந்த ஓவியத்தை நேராக, சட்டகமில்லாமல் அப்படியே படமெடுத்தால் அந்தப் படத்துக்குப் புது உரிமை பிறக்காது என்று 1999-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பொதுவகம் அதையே பின்பற்றுகிறது. 2009-இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் இதை ஏற்காமல் ஒரு தன்னார்வலருக்கு வக்கீல் கடிதம் அனுப்பியதும் உண்டு.

புதியவர்கள் தவறுவது வேறிடத்தில். பொம்மைக்கு உடுத்திய உடையும், சிலையும் தட்டையானவையல்ல. அவற்றைப் படமெடுத்தவருக்கு அந்தப் படத்தில் உரிமை உண்டு. அருங்காட்சியகத் தளத்திலிருந்து அங்கியின் படத்தை எடுத்து ஏற்றாதீர்கள். நீங்களே போய் அனுமதியோடு எடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்போல 2017 முதல் தன் படங்களைத் தானே திறந்துவிட்டவர்களிடம் எடுப்பதில் தடையில்லை.

என் திருத்தத்தை யாரோ அழித்துவிட்டார்.

பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் பழைய புடவை இருக்கிறது. உதவுமா?

நிச்சயமாக. துவைக்கவேண்டாம், இஸ்திரி போடவேண்டாம், சரிகையைத் தேய்த்துப் பளபளப்பாக்கவேண்டாம். வெயில் நேராக விழாத, வெளிச்சமான தாழ்வாரத்தில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் புடவையைப் போடுங்கள். ஆறு படம் வேண்டும்: முழுமையாக ஒன்று, முந்தானை, உடலும் கரையும் சேரும் இடம், அதே இடத்தின் பின்பக்கம், ஓர் ஓரம், கிழிசல் இருந்தால் கிழிசல். கிழிசலை மறைக்காதீர்கள். பாவும் ஊடையும் பிரிந்து தெரிவது அங்கேதான். ஒவ்வொரு படத்திலும் ஓரமாகப் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை வையுங்கள். யார் வாங்கியது, எந்தக் கல்யாணம், எந்தக் கடை என்று வீட்டுப் பெரியவர் சொல்வதைத் தனியே எழுதி, ‘குடும்பத்தார் கூற்று’ என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். அது கட்டுரைக்குள் போகாது, படத்தின் விவரப் பக்கத்தில் இருக்கும். திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இரண்டு விரல்கடை தள்ளி மடியுங்கள், இல்லையென்றால் அந்த வரியிலேயே பட்டு விட்டுப்போகும். அளவுகோல் இல்லாத படம் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.